கணித வித்தகர் ஆலன் டூரிங்

பாலக்காட்டு வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் நம் நாஞ்சில் நாட்டார் போத்தனூர் என்னும் புகைவண்டி நிலையத்தைக் கடந்தே செல்வர். வண்டி நிற்குங்கால் தேநீர் பருகுதற்கன்றி வேறெதற்கும் அந்நிலையத்தை நினைப்பார் அரியர். அவ்வூரிலே 1881-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சென்னை ரயில்வேயின் தலைமை என்ஜினீயராகப் பின்னாளில் விளங்கிய எட்வர்டு வாலர் ஸ்டோனி என்பாருக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. ஸ்டோனியார் ஆற்றுப் பாலங்கள் அமைப்பதில் வல்லவர். பங்கா இழுக்கும்போது எழும் கிறீச்சொலியை ஒழிப்பதற்கென்றே ஓர் உருளையை இயற்றி, அதற்கு அரசாங்கத்தாரிடம் உரிமையும் பெற்றவர். ஈதல் சாரா என்னும் அம்மகள், சென்னை மாகாணத்திலே இந்தியன் சிவில் சர்வீஸ் உத்தியோகம் வகித்த ஜூலியஸ் மாதிசன் டூரிங் என்பவரை 1907-இல் மணந்தார். மூத்த புதல்வர் ஜான் 1908-இல் குன்னூரிலே பிறந்தார். இளைய புதல்வரே நாம் ஈண்டுக் கூறப்புகுந்த ஆலன் டூரிங். அவர் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் தேதி இலண்டன் மாநகரில் பிறந்தார்.

தந்தையார் உத்தியோகத்தின் பொருட்டு இந்தியாவிலேயே இருக்க, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள செயின்ட் லெனார்ட்ஸ் என்னும் ஊரில், இளைப்பாறிய படைத்தலைவர் ஒருவர் வீட்டில் விடப்பட்டனர். நம் நாட்டிற் பணியாற்றிய மிஷனெரிமார் பலருடைய பிள்ளைகளுக்கும் நேர்ந்தது இதுவே. பெற்றோரைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை காண்பதே பேறாகக் கருதி வளர்ந்த அப்பிள்ளைகளின் மனத்தனிமையைக் குறித்து யாரும் அதிகம் எழுதியதில்லை. ஆலனுடைய தனிமை அவரை எண்களின்பாலும் இயற்கைப் பொருள்களின்பாலும் திருப்பிற்று.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியிற் சேர அவர் புறப்பட்ட நாளிலே, தேசமெங்கும் பொது வேலைநிறுத்தம் தொடங்கிப் புகைவண்டிகள் ஓடாதொழிந்தன. பதின்மூன்று வயதுச் சிறுவர் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து 60 மைல் தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்து, இடையில் ஒரு விடுதியில் இராத்தங்கி, பள்ளி போய்ச் சேர்ந்தார். ஆயினும் அப்பள்ளியின் ஆசிரியர்களுக்கு அவர்மீது அதிக மதிப்பிருந்ததென்று சொல்லவியலாது. கையெழுத்து அலங்கோலம், லத்தீனிலும் ஆங்கிலத்திலும் கவனமில்லை, கணக்கிலோ, கற்பித்த வழியை விடுத்துத் தம் வழியே செல்வார். அங்கு அவருக்குக் கிடைத்த உற்ற துணைவர் கிறிஸ்டோபர் மார்க்கம் என்னும் மாணவர். வானசாஸ்திரத்திலும் கணிதத்திலும் இருவருக்கும் ஒத்த ஆர்வம். 1930-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மார்க்கம் நோயுற்று மாண்டார். அத்துயரம் டூரிங்கின் உள்ளத்தை விட்டு நீங்கவேயில்லை. மனிதனுடைய மனம் உடலோடு எவ்வாறு பிணைந்திருக்கிறது, உடல் அழிந்தபின் அது யாதாகின்றது என்னும் கேள்வி அவரை அன்று பற்றியது. எண்ணுதல் என்பது யாது என்று பின்னாளில் அவர் ஆராய்ந்ததற்கு வேர் இங்கே இருக்கிறதென்பது நம் கருத்து.

1931-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1935-இல், 22 வயதிலேயே, அக்கல்லூரியின் உறுப்பாசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டிலே மாக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்டார். கணிதத்தில் எழும் எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிறுவத்தக்கதா அன்றா என்று தீர்த்துச் சொல்லும் பொதுமுறை ஒன்று உண்டோ என்பது அந்நாளில் தீராதிருந்த வினா. இதற்கு விடைகாணப் புகுந்த டூரிங், முறையாகக் கணக்குச் செய்தல் என்றால் என்ன என்று முதலிலே கேட்டார். தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் ஒரு குமாஸ்தாவை மனக்கண்முன் நிறுத்தி, அவர் செய்வதையெல்லாம் மிகச் சிறிய படிகளாகப் பகுத்தார். கட்டங்களிட்ட நீண்ட நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்தல். அதில் எழுதுதல் அல்லது அழித்தல். ஒரு கட்டம் நகர்தல். உள்ளிருக்கும் நிலை மாறுதல். இவ்வளவே போதும், எந்தக் கணக்கையும் செய்துவிடலாம் என்றும், இத்தகைய யந்திரங்கள் அனைத்தின் வேலையையும் ஒரே பொதுயந்திரம், தக்க கட்டளைகளைத் தன் நாடாவிற் பெற்றால், செய்து முடிக்கும் என்றும் 1936-இல் எழுதினார். இன்று நாம் கையாளும் கணிப்பொறிகள் யாவும் அப்பொதுயந்திரத்தின் வழிவந்தவையே.

அக்கட்டுரையில் அதிகம் பேசப்படாத இடம் ஒன்றுண்டு. கணக்கிடும் குமாஸ்தா இடையிலே எழுந்து போக நேரலாம். போகுமுன் அவர், இதுகாறும் செய்தது இது, இனிச் செய்ய வேண்டுவது இது என்று ஒரு குறிப்பு எழுதிவைத்தால், அதனைக் கண்டு அவரோ பிறரோ வேலையைத் தொடரலாம். ஆகவே அவர் மனத்தின் நிலை முழுவதும் அக்குறிப்பிலே அடங்கிவிடுகிறது. யந்திரத்தின் நிலையையும் இங்ஙனமே ஒரு வரியில் எழுதிவிடலாம். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே போனால் அதன் சரித்திரம் முழுவதும் ஏட்டில் வந்துவிடும். நம் தாலுகா கச்சேரிகளிலே ஒரு குமாஸ்தா மாற்றலாகும்போது பொறுப்பு ஒப்புவிக்கும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். கணிப்பொறியின் நிலையறிதலும் நிகழ்ச்சிப் பதிவேடும் என்று நாம் இன்று சொல்லுவனவற்றின் கரு, யந்திரமே இல்லாத காலத்தில், இக்குறிப்பிலே இருந்தது.

ஆனால், நிலையை எழுதலாம் என்று காட்டிய அதே கட்டுரை, அறியவொண்ணாதது ஒன்றுண்டென்றும் காட்டிற்று. ஒரு கட்டளைத் தொகுதியைக் கொடுத்தால், அது என்றேனும் ஓய்ந்து நிற்குமா, அன்றி ஓயாமல் சுழன்றுகொண்டேயிருக்குமா என்று தவறாது சொல்லவல்ல ஒரு சோதகன் உண்டென்று வைத்துக்கொள்வோம். அச்சோதகனைத் தன்னுள்ளே கொண்ட ஒரு குறும்புத் தொகுதியை நாம் இயற்றலாம். அது தன்னைப்பற்றித் தானே சோதகனிடம் கேட்கும். நிற்பாய் என்று விடை வந்தால் ஓயாது சுழலும். நில்லாய் என்று விடை வந்தால் உடனே நின்றுவிடும். எவ்வழியிலும் சோதகன் பொய்யனாகிறான். ஆகவே அத்தகைய சோதகன் இருத்தல் இயலாது. டூரிங் எழுதிய வடிவம் இதனின் சிறிது வேறுபட்டது. நிற்றல் என்று இவ்வினாவைக் கூறும் வழக்கு பின்வந்தோரால் ஏற்பட்டது. பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் ஏட்டிற் குறிக்கிறார்கள். அவ்வேடு நேற்றையதையும் இன்றையதையும் சொல்லும். நாளை மழை வருமா என்று சொல்லாது. அதில் வியப்பில்லை, மழை நம் கையிலில்லை. கணிப்பொறியின் நிலை அத்தன்மையதன்று. அதன் ஒவ்வொரு படியும் நாம் விதித்தபடியே நடக்கிறது, மறைவானது ஒன்றுமில்லை, அப்படியிருந்தும் அதன் முடிவை எக்காலத்தும் தவறாது உரைக்கும் பொதுவிதி கிடையாது. இதுவே வியக்கத்தக்கது.

1936 முதல் 1938 வரை அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரிலே, அதே வினாவிற்கு வேறு வழியில் விடைகண்ட அலோன்சோ சர்ச் என்பாரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்ட மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்திற்குச் சென்று, ஜெர்மானியரின் இரகசியச் செய்திகளைப் படிக்கும் கூட்டத்தாரோடு சேர்ந்தார். எனிக்மா என்னும் யந்திரத்தால் மறைக்கப்பட்ட அச்செய்திகளைப் படிக்கும் வழியைப் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னரே கண்டு, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அறிவித்திருந்தனர். அந்நன்றியை மறத்தலாகாது. ஜெர்மானியர் தம் முறையை மாற்றிய பின்னரும் பயன்படத்தக்க பாம் என்னும் பெரும்பொறியை டூரிங் வகுத்தார். கார்டன் வெல்ச்மன் அதனைச் செம்மைப்படுத்தினார். செய்தியில் இன்ன சொல் இருக்கக்கூடுமென்று ஊகித்து அதனைப் பொறியில் அமைத்தால், மூன்று சக்கரங்களுக்குரிய 17,576 நிலைகளையும் அது ஒவ்வொன்றாகச் சோதித்து, முரண்பாடில்லாத நிலை வந்தவிடத்து நிற்கும். கடற்படையைச் சேர்ந்த இளம்பெண்கள் இரவும் பகலும் அருகிருந்து, பொறி நின்ற இடத்தைக் குறித்து அனுப்புவார்கள். பல நிறுத்தங்கள் வெறும் தற்செயல். உண்மையான நிறுத்தத்தைப் பிரித்தறிதல் வேண்டும். இங்ஙனம் அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சென்ற கட்டளைகள் 1941-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து படிக்கப்பட்டன. 1942 பிப்ரவரியில் பகைவர் நான்காவது சக்கரம் ஒன்றைச் சேர்க்கவே, சுமார் பத்து மாதம் அவ்வாயில் அடைபட்டுக் கிடந்தது. அம்மாதங்களில் மூழ்கிய கப்பல்கள் மிகப்பல. பொறியின் ஏட்டிலே குறிக்கும் ஓர் எழுத்தில் மாலுமிகளின் உயிர் தங்கியிருந்தது என்பது வெறும் அலங்கார வார்த்தையன்று.

அக்காலத்தில் அவருடைய சைக்கிளைப்பற்றி நண்பர்கள் கூறிய செய்தி ஒன்று சுவையானது. அதன் சங்கிலி அடிக்கடி கழன்று விழும். பிறராயின் கடையிற் கொடுத்துச் செப்பனிடுவர். டூரிங்கோ மிதி சுற்றும் எண்ணிக்கையை மனத்திற்குள் எண்ணிக்கொண்டே சென்று, குறித்த எண் வந்தவுடன் ஒரு கணம் காலை மாற்றிச் சங்கிலியைக் காப்பாற்றிக் கொள்வார். பின்னர் ஆராய்ந்து, சக்கரத்தில் வளைந்த கம்பி ஒன்றும் சங்கிலியில் பழுதான கண்ணி ஒன்றும் எதிர்ப்படும்போதே அது கழல்கிறதென்று கண்டு, கம்பியை நிமிர்த்தினார். பழுதைத் திருத்துமுன் அது எப்போது எப்போது நிகழ்கிறதென்று எண்ணிக் குறிக்கும் பொறுமை நம்மிற் பலருக்கு இல்லை.

யுத்தம் முடிந்தபின் 1945 அக்டோபரில் இலண்டனுக்கு அருகிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, மின்சாரக் கணிப்பொறி ஒன்றிற்கு முழுத்திட்டம் வரைந்து 1946-இல் அளித்தார். வேலை மெதுவாக நடந்தது, அவர் சலிப்புற்றார். அவர் விலகிய பின்னரே, 1950 மே மாதத்தில், அதன் சிறு வடிவம் இயங்கியது. இடையில் 1947 பிப்ரவரி 20-ஆம் தேதி இலண்டன் கணித சங்கத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவில், தொலைவிலிருந்தே தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியை இயக்கலாம் என்று கூறினார். அப்போது அத்தகைய பொறி இங்கிலாந்தில் ஒன்றேனும் இயங்கவில்லை என்பதை நினைக்க வேண்டும். இன்று நம் கல்லூரி மாணவர் நாகர்கோவிலில் அமர்ந்து, வேறு தேசத்திலுள்ள பொறியின் நலத்தைக் கரிய திரையில் தட்டெழுதிக் கேட்பது அச்சொற்பொழிவிற் கண்ட கனவின் நிறைவேற்றமே. அவ்வாண்டிலேயே நெடுந்தூர ஓட்டப் பந்தயம் ஒன்றில் மாரத்தான் தூரத்தை 2 மணி 46 நிமிஷத்தில் ஓடி ஐந்தாமவராக வந்தார் என்பதையும் விளையாட்டில் விருப்பமுள்ளார் பொருட்டுக் கூறிவைக்கிறோம்.

1948-இல் மான்செஸ்டர் சர்வகலாசாலைக்குச் சென்றார். வில்லியம்ஸ், கில்பர்ன் என்னும் அறிஞர்கள் அவ்வாண்டு ஜூன் 21-ஆம் தேதி தம் சிறு கணிப்பொறியை அங்கே இயக்கிக் காட்டியிருந்தனர். அதன் வளர்ந்த வடிவத்திற்குக் கட்டளைகள் எழுதும் முறையை டூரிங் வகுத்தார்; 1951-இல் அதற்குக் கையேடும் எழுதினார். அப்பொறியோடு பேசுவது எளிதன்று. அதன் நினைவு, கண்ணாடிக் குழல்களின் முகப்பில் ஒளிப்புள்ளிகளாக இருந்தது. அருகிருந்த வேறொரு குழலில் அப்புள்ளிகளை அப்படியே காணலாம். பொறி என்ன நிலையிலிருக்கிறதென்று அறிய விரும்புவோர் அப்புள்ளிகளைக் கண்ணால் படித்தாக வேண்டும். ஒரு விசையைத் தட்டினால் பொறி ஒரு படி மட்டும் நடந்து நிற்கும். ஊதுகுழல் ஒன்றும் இருந்தது. கட்டளையிட்டால் ஒலித்து, வேலை இன்ன இடத்திற்கு வந்ததென்று அறிவிக்கும். எண்களை 32 குறிகள் கொண்ட வரிசையில் தந்தி எழுத்துக்களாக எழுத வேண்டும். அதுவும் சிறிய இலக்கம் முன்னும் பெரியது பின்னுமாக. பூச்சியத்திற்குரிய குறி ஒரு சாய்கோடு. அச்சிட்ட தாள் முழுவதும் சாய்கோடுகள் நிறைந்திருக்கக் கண்டோர், மான்செஸ்டரில் ஓயாது பெய்யும் மழையே தாளிலும் பெய்கிறதென்று நகையாடினர். டூரிங் இவ்வெழுத்துக்களைத் தாய்மொழிபோல் படித்தார். பிறரும் அவ்வாறே படிக்க வேண்டுமென்று எதிர்பார்த்தார். இது அவருடைய குறையென்றே சொல்லவேண்டும். மேதைகள் பலர் பிறருடைய சிரமத்தை அறியார்.

இன்றைய மாணவருக்கு அச்சிரமமில்லை. 1969-இல் அமெரிக்காவிலே பெல் ஆராய்ச்சிசாலையிற் பிறந்த யுனிக்ஸ் என்னும் முறையின் வழிவந்த பொறிகளில், அப்டைம் என்று தட்டினால் பொறி எத்தனை நாளாக இடைவிடாது விழித்திருக்கிறதென்று விடை வரும். டாப் என்று தட்டினால் எவ்வேலை எவ்வளவு நினைவைப் பிடித்திருக்கிறதென்று வரிசையாகத் தெரியும். நிகழ்ச்சிப் பதிவேட்டைத் திறந்தால், எந்த நிமிஷத்தில் யார் நுழைந்தார், எப்பகுதி பழுதுற்றது என்பதெல்லாம் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை மெதுவாக நடக்கிறதா, அன்றி முடிவின்றிச் சுழல்கிறதா என்று எல்லாத் தொகுதிகளுக்கும் ஒருங்கே விடையளிக்கும் கட்டளை மட்டும் அங்கேயும் இல்லை. இல்லாமைக்குக் காரணம் 1936-இலேயே கூறப்பட்டுவிட்டது.

ஆகவே பழுது நேராமல் முன்னரே சோதிப்பது எங்ஙனம் என்பதை 1949 ஜூன் மாதத்தில் கேம்பிரிட்ஜில் கூடிய சபையில் டூரிங் எடுத்துரைத்தார். நீண்ட கூட்டற் கணக்கின் விடையை மட்டும் கொடுத்தால், சோதிப்பவர் முழுவதையும் மீண்டும் தாமே கூட்டவேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் மிகுந்து அடுத்த பத்திக்குச் சென்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தாலோ, ஒருவர் ஒரு பத்தியை மட்டும் தனியே சோதித்துவிடலாம். அதுபோல, கட்டளைகள் எழுதுவோர் இன்ன இடத்தில் பொறியின் நிலை இன்னதாயிருக்கும் என்று இடையிடையே உறுதிமொழிகளை எழுதிவைத்தால் முழுவதும் எளிதில் சரிபார்க்கப்படும் என்றார். இது பல ஆண்டுகள் எவராலும் கவனிக்கப்படாதிருந்து, பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

1950 ஜூன் மாதத்தில் அப்பொறியைக்கொண்டு அவர் செய்த கணக்கு ஒன்று தனியே சொல்லத்தக்கது. ரீமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1859-இல் கூறிய கருத்து, பகா எண்களின் பரவலைப் பற்றியது. இன்றுவரை நிறுவப்படவுமில்லை, மறுக்கப்படவுமில்லை. நம் இராமானுஜத்தைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி அதிலே உழைத்தவர். டூரிங்குக்கு அக்கருத்து பொய்யாயிருக்கக்கூடுமென்னும் ஐயமிருந்தது. அக்காலத்துப் பொறியோ சிறிது நேரம் இயங்கினால் ஏதேனும் ஒரு பகுதி பழுதுற்று நின்றுவிடும். ஒருநாள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிவரை, வழக்கத்திற்கு மாறாக, அது நல்ல நிலையிலேயே இருந்தது. அந்த ஒரே இரவு கிடைத்திராவிட்டால் கணக்கு நடந்தேயிராது என்பதை அவரே தம் கட்டுரையிற் குறித்திருக்கிறார். விடைகள் தந்தி நாடாவில் 32 குறிகளாகத் துளையிடப்பட்டு வந்தன. முதல் 1,104 இடங்களிலும் ரீமன் கூறியது மெய்யாகவே நின்றது. தம் ஐயத்திற்கு மாறான இம்முடிவை 1953-இல் அவர் ஒளிவின்றி வெளியிட்டார்.

1950-இலேயே, யந்திரம் எண்ணுமோ என்னும் கேள்வியைத் தட்டெழுத்தாலாகிய உரையாடலால் சோதிக்கலாமென்று எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. 1951-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். மறுவருடம், விலங்கின் தோலில் புள்ளியும் கோடும் தோன்றும் விதத்தைக் கணிதத்தால் விளக்கினார். புகழின் உச்சியில் நின்ற அவ்வாண்டிலேதான் கேடும் வந்தது.

1952 ஜனவரியில் அவர் வீட்டிலே திருட்டு நடந்தது. காவலரிடம் முறையிட்டார். விசாரணையிலே, ஆடவர் ஒருவரோடு தமக்கிருந்த காதலுறவைப் பற்றிக் கேட்கப்பட்டபோது மறையாமல் உண்மையைச் சொன்னார். அது அந்நாளில் அங்கே குற்றம். திருட்டைச் சொல்லப் போனவர் குற்றவாளியானார். நியூமன் முதலியோர் அவருடைய நற்குணத்திற்குச் சாட்சி கூறினர்; யுத்தகாலத் தொண்டோ இரகசியமாதலால் வெளியிற் சொல்லவியலாது. மார்ச் மாதம் 31-ஆம் தேதி தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குப் பதிலாக, ஓராண்டு பெண்மைச் சுரப்பு மருந்து ஏற்றுக்கொள்ள இசைந்தார். அரசாங்கத்தின் இரகசிய வேலைகளிலிருந்தும் விலக்கப்பட்டார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி வில்ம்ஸ்லோவிலுள்ள தம் இல்லத்திலே சயனைடு நஞ்சால் மாண்டார். 42 வயது நிறைய இன்னும் சில நாளே இருந்தது. தற்கொலை என்று விசாரணையிலே தீர்ப்பளித்தனர். வீட்டிலே இரசாயனச் சோதனை செய்துவந்த மகனுக்குத் தற்செயலாக நேர்ந்த விபத்தென்றே தாயார் இறுதிவரை நம்பினார். அவ்வம்மையார் 1959-இல் மகனுடைய சரிதத்தை எழுதி வெளியிட்டார். எனிக்மாவைப் பற்றிய செய்திகள் 1974-இலேதான் பகிரங்கமாயினமையால், அந்நூலிலே அவருடைய பெருஞ்செயல் இடம்பெறவில்லை.

அவரைத் தண்டித்த சட்டம் இங்கிலாந்திலே 1967-இல் தளர்த்தப்பட்டது. ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவிலே வைத்துச் சென்ற அத்தகைய விதியை நம் உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயதுவந்தோர் இசைந்து நடப்பதைப் பொறுத்தமட்டில், செல்லாதென்றது. 2009-இல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி நாட்டின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013 டிசம்பரில் அரசியார் மன்னிப்பு அளித்தார். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கென்று கேட்டவர்களும் உண்டு, அக்கேள்வி நியாயமானதே. 2021-ஆம் ஆண்டு அவருடைய பிறந்தநாளிலே இங்கிலாந்து பாங்கி அவர் உருவம் பொறித்த 50 பவுன் நோட்டை வெளியிட்டது.

கணிப்பொறித் துறையில் உலகின் மிக உயர்ந்த பரிசு 1966 முதல் அவர் பெயராலேயே வழங்கப்பட்டு வருகிறது. அவர் தந்தையார் உத்தியோகம் பார்த்த பழைய சென்னை மாகாணத்திலே பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி 1994-இல் அப்பரிசை எட்வர்டு ஃபைகன்பாம் என்பாரோடு பகிர்ந்து பெற்றார்.